ஏட்டுச் சுரைக்காய்



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது அடுப்படி, கை வைத்தியம், பிள்ளை வளர்ப்பு. இந்தத் தடவை கொஞ்சம் வேறு விஷயம். போன மாதம் வந்த ஒரு கடிதம்தான் அதற்குக் காரணம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுதியிருக்கிறாள்:

“அக்கா, நான் பிறவிக் கிறிஸ்தவள். தினமும் ஒரு அதிகாரம் வேதம் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குத் தவறுவதில்லை. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் ராத்திரி பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா? வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.”

உனக்கு மட்டும் இல்லை, தங்கச்சி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதுவும் ஒரு மாசம், இரண்டு மாசம் இல்லை. 35 வருஷத்துக்கு மேல். வெட்கப்பட்டுக்கொண்டு நானும் வெளியே சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் முதல் பரிசு எனக்குத்தான். பரிசாக வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் இப்போதும் என் அலமாரியில் இருக்கின்றன. வேதாகமத்தின் 66 புத்தகங்களின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லுவேன். ராஜாக்கள் வரிசை, சீஷர்கள் வரிசை, பவுல் போன ஊர்களின் வரிசை எல்லாம் தலைகீழ்ப் பாடம். கல்யாணமாகி நங்கநல்லூருக்கு வந்த பிறகு, பிள்ளைகளுக்கு நானே ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன். “இயேசு நம் நண்பர், அவரோடு நேரடியாகப் பேசலாம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். என் பெண்ணும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வார்த்தைதான் 2018-ல் என்னிடமே திரும்பி வந்தது.

எங்கள் தெருவில் பெரும்பாலும் மாமிகள்தான். விடிந்தால் கோலம், வாசலில் சுப்ரபாதம், சனிக்கிழமை என்றால் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகிற கூட்டம். எதிர்வீட்டு மாமி எனக்குத் தாய் மாதிரி. என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியச் சமையல் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் மாமாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போனேன். ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் மாமி தனியாக உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நீ உங்க ஸ்வாமியோட நேரா பேசுவியாமே, உன் பொண்ணு சொன்னாளே. மாமாவுக்காக ஒரு வார்த்தை சொல்லேன்டி.”

கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் வாய் தானாகவே பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தது. மள மளவென்று சொல்லி முடித்து ஆமென் என்றேன். அந்த ஜெபத்தில் குறை எதுவும் இல்லை. ஆண்டவரே கற்றுக் கொடுத்தது அது. ஆனால் நான் அதைச் சொன்னது, பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. கண்ணைத் திறந்து பார்த்தால் மாமி இன்னும் கையைக் கூப்பியபடியே இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் பெயர் அதில் வரவில்லையே! வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

மூன்றாம் நாள் மாமா இறந்துவிட்டார்.

ஒரு வாரம் மாமி முகத்தில் விழிக்கவே எனக்குத் தைரியம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடிக் கொடியில் தினமும் ஆடுகிற வேட்டி இல்லை. மாமியின் புடவை ஒன்று மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வாய்விட்டுச் சண்டை போட்டேன். “ஏன் இப்படிப் பண்ணினீர்? அந்த அம்மா என்னை நம்பித்தானே கேட்டாங்க? இப்ப நான் போய் என்ன சொல்லுவேன்?”

அழுது முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எதிரே ஒருவர் நின்று கேட்கிறார் என்று நினைத்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தனை வருஷ ஜெபத்தில் வராத ‘நீர்’ அன்றைக்குச் சண்டையில் வந்தது. பதில் ஒன்றும் கேட்கவில்லை. மாமா ஏன் போனார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சுவரோடு பேசினேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இப்படியும் நடக்குமா, எனக்குத்தான் புத்தி பேதலித்ததா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். பண்டித ரமாபாயின் கதை. பள்ளிப் பாடத்தில் பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்று இரண்டு வரி படித்திருப்போம். 1989-ல் தபால் தலைகூட வெளியிட்டார்கள். அதற்குள்ளே இப்படி ஒரு கதை இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ரமாபாய் பிறந்தது 1858-ல், கர்நாடகத்து மலைக்காட்டில். அப்பா அனந்த சாஸ்திரி சம்ஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று ஊரே எதிர்த்த காலத்தில் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்த அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பகலெல்லாம் வீட்டு வேலை. அதனால் விடியற்காலையில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி அணைத்து வைத்துக்கொண்டு பாடம். கைக்குழந்தைக்காரிகளே, இதைக் கவனியுங்கள். அப்படிப் படித்த பெண், 18,000 சுலோகங்கள் கொண்ட பாகவதத்தை மனப்பாடமாகச் சொல்லுகிற அளவுக்கு வளர்ந்தாள்.

குடும்பமே ஊர் ஊராக, கோவில் கோவிலாகப் போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்தது. பஞ்சம் வந்தது. கையில் இருந்த காசெல்லாம் போயிற்று. திருப்பதிக் காட்டில் இலையையும் தண்ணீரையும் கொண்டு நாட்களை ஓட்டினார்கள். 1874-ல் அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். மிஞ்சியது ரமாபாயும் அண்ணனும். இரண்டு பேரும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பெரிய பெரிய பண்டிதர்கள் இந்தப் பெண்ணின் படிப்பைச் சோதித்துப் பார்த்து, ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணனும் இறந்தார். அதே வருஷம் ஒரு வங்காளி வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார். 1882-ல் அவரும் காலராவில் போய்விட்டார். 23 வயதில், கையில் ஒரு பெண் குழந்தையோடு விதவை.

1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே சகோதரிகள் நடத்திய ஒரு இல்லத்தைப் பார்த்தார். வழி தவறிய பெண்கள் என்று உலகம் ஒதுக்கிவிட்டவர்களை வைத்து அன்பாகப் பராமரித்த இடம் அது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசிய கதையைச் சொன்னார்கள். அது ரமாபாயின் மனசைத் தொட்டது. யோசித்து, வாதம் பண்ணி, நியாயம் பார்த்து, அந்த வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

கதை இதோடு முடிந்தது என்றுதானே நாம் நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். அந்த எட்டு வருஷமும் அவர் சும்மா இருக்கவில்லை. சபைக் கொள்கைகளைப் பற்றிச் சகோதரிகளோடு கடிதம் கடிதமாக வாதாடினார். அமெரிக்கா போனார், புத்தகம் எழுதினார், 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற பள்ளியை ஆரம்பித்தார். அறிவுக்கும் குறைவில்லை, நல்ல காரியத்துக்கும் குறைவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இல்லை என்பது அவருக்கே தெரிந்தது.

1891 வாக்கில் ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஹாஸ்லம் என்ற ஆங்கிலக் குருவானவர் எழுதிய சுயசரிதை. அவர் ஒரு சபைக்கே போதகர். அவருடைய தோட்டக்காரர் நோயில் படுத்தபோது, ஆண்டவரைச் சொந்தமாகக் கண்டுகொண்டு சமாதானமாகிவிட்டார். போதகருக்கோ அந்தச் சமாதானம் இல்லை! கடைசியில் 1851-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோதே அவருக்கு உள்ளே வெளிச்சம் வந்தது. போதகரே மனம் மாறிவிட்டார் என்று சபையில் சத்தம் எழும்பியதாம்.

இதைப் படித்ததும் ரமாபாய் தன்னையே பார்த்துக்கொண்டார். தான் கண்டுகொண்டது கிறிஸ்து மதத்தைத்தான், அந்த மதத்துக்கு உயிரான கிறிஸ்துவை அல்ல என்று பிற்பாடு தன் சாட்சியில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். இனி வாதம் செய்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை, வெறும் கையோடு அவரிடம் போனால் போதும் என்று புரிந்தது. போனார்.

எவ்வளவு பெரிய பண்டிதை! அவருக்கே எட்டு வருஷம் ஆயிற்று என்றால் எனக்கு 35 வருஷம் ஆனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அன்றைக்குத்தான் என் வெட்கம் போயிற்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அப்படியானால் ஏடே வேண்டாமா? இங்கேதான் நாம் அவசரப்படக் கூடாது. அதற்குப் பிறகு ரமாபாய் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. முன்னைவிட அதிகமாகப் படித்தார். எளிய பெண்களும் புரிந்துகொள்ளுகிற மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்பதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் தாமே மொழிபெயர்த்தார். 1922 ஏப்ரல் 5-ல் அவர் இறந்தார். அந்த வேதாகமம் 1924-ல் வெளிவந்தது. அச்சடித்தது அவர் வளர்த்த பெண்கள்.

படிப்பு மட்டுமா? 1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, தாமே நேரில் போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். சிறுவயதில் தாம் பட்ட பசி ஞாபகம் இருந்தது. புனே பக்கத்தில் கேட்கான் என்ற ஊரில் அவர்களுக்காக வளர்ந்த முக்தி இல்லம் இன்றைக்கும் நடக்கிறது. ஏட்டில் இருந்த சுரைக்காய் விதையாகி, மண்ணில் விழுந்து, கொடி ஏறிக் காய்த்தது. இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

தாய்மாருக்கு இது புரியாத விஷயமா என்ன? என் மூத்தவள் பிறப்பதற்கு முன் குழந்தை வளர்ப்புப் புத்தகம் இரண்டைக் கரைத்துக் குடித்திருந்தேன். எத்தனை மணிக்கு ஒரு தரம் பால், எத்தனையாவது மாதம் தலை நிற்கும், எல்லாம் அத்துப்படி. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் ராத்திரி அழுதாளே, புத்தகம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்! இது பசி அழுகை, இது வயிற்றுவலி அழுகை, இது வெறும் ‘என்னைத் தூக்கு’ அழுகை என்று பிரித்துத் தெரிய இரண்டு மாசம் தோளில் போட்டு நடக்க வேண்டியிருந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் என் பிள்ளை இல்லை.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும் என்று சொன்னேனா? இல்லை, சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு நான் சண்டை போட்டது அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான். அப்போஸ்தலன் தோமா அந்த மலையில்தான் கி.பி. 72-ல் உயிர் கொடுத்தார் என்பது பரம்பரை நம்பிக்கை. மலைமேல் உள்ள கோவில், போர்த்துகீசியர் 1523-ல் கட்டியது. ஏறிப் போகிற படிகளை 1726-ல் கட்டிக் கொடுத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. கண்ணெதிரே இருந்தும் நான் அந்தப் படிகளை ஏறியது அந்த வருஷம் டிசம்பரில்தான்.

தோமாவைச் சந்தேகக்காரர் என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுப்போம். மூச்சு வாங்க மேலே போய் உட்கார்ந்தபோது வேறு மாதிரி தோன்றியது. மற்றவர்கள் சொன்ன செய்தி அவர் காதில் விழுந்தது. அது போதாது, நானே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் அவருக்காகவே வந்தார், கோபித்துக்கொண்டு விலக்கவில்லை. அப்போது தோமா சொன்ன பதிலில் ‘என்’ என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்தவள். அந்த ‘என்’னைக் கவனித்ததே இல்லை. தோமாவுக்கு எட்டு நாள், ரமாபாய்க்கு எட்டு வருஷம். அவரவருக்கு ஒரு கணக்கு.

கடிதம் எழுதிய தங்கச்சிக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெபத்துக்கு என்று தனி நேரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதே. பாத்திரம் தேய்க்கும்போது, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, உன் வீட்டுப் பேச்சிலேயே பேசு. நான் விடியற்காலையில் பால் காய்ச்சும்போது பேசுகிறேன். சில நாள் பால் பொங்கியும் விடுகிறது!

மனசில் இருப்பதைச் சொல். கோபம் இருந்தால் கோபத்தைச் சொல். நன்றி இல்லாதபோது நன்றி என்று ஒப்பிக்காதே.

தினம் ஒரு அதிகாரம் என்று கணக்கு முடிக்கிறதைவிட, சுவிசேஷத்தில் ஒரு சின்னச் சம்பவத்தை எடுத்துக்கொள். அந்தக் கிணற்றடியில் நீயே குடத்தோடு நிற்கிறாய் என்று வைத்துக்கொள். அவர் உன்னிடம் என்ன கேட்பார்?

கோவிலுக்குப் போவதையும் திருவிருந்தையும் விட்டுவிடாதே. மனப்பாட வசனமும் வீண் போகாது. மாமா போன பிறகு ராத்திரி தூக்கம் வராதபோது எனக்குத் துணையாக வந்தது சிறுவயதில் படித்த வசனங்கள்தான். இப்போது அவை யாரோ என்னோடு பேசுகிற மாதிரி இருந்தன.

இன்னொன்றும் முக்கியம். பிரசவமாகி இரண்டு வாரம் கடந்த பிறகும் காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, பிள்ளை தூங்கினாலும் உனக்குத் தூக்கம் வராமை என்று இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து உள்ளே வைத்துக்கொள்ளாதே. பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வீட்டில் சொல்லி டாக்டரைப் பார். உனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே.

கடைசியாக, மாமியைப் பற்றி. காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். “மாமி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசலை. ஒப்பிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“நானும்தான் அம்பது வருஷமா சஹஸ்ரநாமம் சொல்றேன். ஆயிரம் பேர் சொல்லிக் கூப்பிடறேன். கூப்பிட்டவர் திரும்பிப் பார்த்தாரான்னு ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கேனா? அடுத்த பேருக்கு ஓடிண்டே இருந்துட்டேன்டி.”

நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம் போலிருக்கிறது. அவர் வழி அவருக்கு, என் வழி எனக்கு. ஆனால் அதற்குப் பிறகு மாமி எப்போது கேட்டாலும் பெயர் சொல்லித்தான் ஜெபம் பண்ணுகிறேன். போன வாரம் பேரனுக்குப் பரீட்சை என்று கேட்டார். நட்சத்திரம், கோத்திரம் எல்லாம்கூடச் சொன்னார். பெயர் மட்டும் போதும் மாமி, அவருக்குத் தெரியும் என்றேன்.

அடுத்த இதழில் வழக்கம்போல அடுப்படிக்கு வந்துவிடுவேன். நிஜச் சுரைக்காயில் கூட்டு வைப்பது பற்றி எழுதுகிறேன்.